பன்னிரண்டு அப்பாக்களின் கையெழுத்து

போன மாதம் பேங்க்கில் ஒரு ஃபாரத்தைக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மருமகள் வயதுகூட இருக்காது. அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், சைன் மேட்ச் ஆகல. இன்னொரு தடவை போடறீங்களா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஏம்மா, நீ பிறக்கறதுக்கு முன்னாலிருந்து இதே கையெழுத்தைத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். பாவம், அவள் என்ன செய்வாள்? மறுபடி போட்டேன். அதுவும் ஆகவில்லை. மூன்றாவது தடவை வந்த கோபத்தில் பேனாவை ஊன்றி அழுத்திப் போட்டேன். "இப்ப கரெக்டா இருக்கு" என்று சிரித்தாள்.

அழுத்திப் போட வேண்டும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. எனக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தவள் அன்றைக்கே சொன்னாள்: "நீ கோவக்காரிடி. மொதல் எழுத்துல பேனா குத்தணும். இல்லேன்னா அது நீ இல்லை."

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவள் எதிலும் தன் பெயரைப் போடாதவள். நான் மட்டும் எதற்குப் போட வேண்டும்?

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். யாரோ குடியிருந்த வீட்டைத்தான் பள்ளிக்கூடம் ஆக்கியிருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கீழே. எழுபதுகள் பிறக்க ஒன்றிரண்டு வருஷம் இருந்த சமயம். பதின்மூன்று பெண்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும், அதில் காயும் வறட்டி தெரியும். மத்தியானம் ஆகிவிட்டால் எப்போதடா வெளியே ஓடுவோம் என்றிருக்கும். அதில் கடைசி பெஞ்சில், சுவரோடு ஒட்டினாற்போல் அவள் உட்கார்ந்திருப்பாள். ஒல்லி, நீள விரல்கள், நடுவிரலில் எப்போதும் மைக் கறை. பேச்சு கம்மி. ஆனால் எங்கள் பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேருடைய அப்பாக்களின் கையெழுத்தும் அவளுக்கு அத்துப்படி.

ஒவ்வொரு பரீட்சைக்கும் ரேங்க் கார்டு வரும். வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். மார்க் குறைந்தால் வீட்டில் காட்ட மாட்டோம். நேரே அவளிடம் போவோம். உடனே போட்டுவிட மாட்டாள், மகாராணி. முதலில் விசாரணை நடக்கும். "உங்கப்பா எப்போ போடுவார்? ஆபீஸ் கெளம்பறச்சயா, சாப்டப்புறமா? நின்னுண்டு போடுவாரா, உக்காந்துண்டா? பேனாவைத் தேடிண்டு கத்துவாரா?" எல்லாம் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வாள். அப்புறம் ஒரே இழுப்பு. எட்டரை மணி ரயிலுக்கு ஓடுகிற அப்பாவின் கையெழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். வெற்றிலை போட்டுக்கொண்டு சாவகாசமாகப் போடுகிற அப்பாவின் கையெழுத்து கால் நீட்டிப் படுத்திருக்கும்.

என் அப்பாவுடையது தமிழ்க் கையெழுத்து. ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை, திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். கடை பில்லோ, கல்யாணப் பத்திரிகையோ, எதுவானாலும் மேலே பிள்ளையார் சுழி போடாமல் பேனாவை நகர்த்த மாட்டார். எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது, பரீட்சைத் தாளிலிருந்து மளிகைச் சீட்டு வரைக்கும். நான் கணக்கில் இருபத்தேழு வாங்கின அன்று அவள் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

"மேலே அந்தச் சுழியை மட்டும் நீயே போட்டுக்கோ."

"ஏன், உனக்கு அது வராதா?"

"வரும். எங்காத்துல அது வழக்கமில்லை. நாங்க ஸ்ரீதான் போடுவோம். சுழி போட்டா எங்கப்பாவுக்குத் தெரிஞ்சுடும்."

"உங்கப்பா எங்கேடி இங்கே வந்து பார்க்கப்போறார்?"

"எனக்குத் தெரியுமே" என்றாள். அவர்கள் வடகலையோ தென்கலையோ, எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அவள் அப்பா நெற்றியில் திருமண் இல்லாமல் தெருவில் இறங்கி நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து சுழி நான் போடுவேன், கையெழுத்து அவள் போடுவாள். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற திருட்டு.

திருட்டு என்று சொன்னால் அவளுக்கு மட்டும் மூக்கு சிவந்துவிடும். "நான் திருடலை. உங்கப்பா இந்தக் கார்டைப் பார்த்தா என்ன பண்ணுவார்? திட்டுவார். திட்டிட்டுப் போடுவார். நான் அந்தத் திட்டை மட்டும் கழிச்சுட்டேன், அவ்வளவுதான்" என்பாள்.

இதை நாங்கள் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தோம். இல்லை, அவளுக்கு அது சட்டம். அந்த வருஷம் மகாபலிபுரத்துக்கு ஒரு நாள் சுற்றுலா கூட்டிப்போனார்கள். "பொட்டப்புள்ளைய பஸ்ஸுல ஏத்தி ஊர் சுத்த அனுப்பவா நான் பள்ளிக்கூடத்துல சேர்த்தேன்? போடி உள்ள!" என்று அப்பா கத்திவிட்டார். நான் சம்மதக் கடிதத்தை அவளிடம் நீட்டினேன். படித்துப் பார்த்து அப்படியே மடித்து என் கையில் வைத்தாள். "உங்கப்பா இதுக்குப் போட மாட்டார்டி. போடாத கையெழுத்தை நான் எப்படிப் போடறது?" நான் கெஞ்சினேன், கொஞ்சினேன், அவள் டிபன் டப்பாவைத் தூக்கி ஒளித்து வைத்தேன். அசையவில்லை. நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவளும் சுற்றுலா போகவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவள் வீட்டில் கேட்கவே இல்லையாம்.

வகுப்பில் கமலா என்று ஒருத்தி. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து சைதாப்பேட்டை வழியாக நடந்தே வருவாள். அவளுடைய நைனா லாரி ஓட்டுகிறவர், கடைசி வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஜுரத்தில் போய்விட்டார். பதினைந்து நாள் கழித்து வந்தவள், கடைசி பெஞ்சில் நம் கையெழுத்துக்காரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து தன் ஆட்டோகிராஃப் நோட்டைத் திறந்து வைத்தாள்.

"எங்க நைனா கையெழுத்து ஒண்ணு போட்டுக் குடு. வூட்ல ஒண்ணுகூட இல்ல. லைசென்ஸையும் ஓனரு எட்துக்கினு பூட்டாரு."

இவள் மறுத்துவிடுவாள் என்றே நினைத்தேன். செத்தவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? இவள் சட்டத்துக்கு அது ஒத்துவருமா? கமலாவின் பக்கம் திரும்பினாள். "அவர் இருந்து, நீ இதை நீட்டியிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சிரிப்பாரு. அவருக்கு எழுதத் தெரியாது. பேரு மட்டுந்தான் போடுவாரு. நாக்கைக் கடிச்சிக்கினு போடுவாரு."

இவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக, குழந்தை மாதிரி, பேனாவைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். கமலா அந்தப் பக்கத்தின் மேலே கையை வைத்துக்கொண்டு அப்படி அழுதாள். அப்புறம் நாங்கள் எல்லோரும் அழுதோம். அன்றைக்கு வகுப்பே நடக்கவில்லை, பூகோள டீச்சர் வந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

ஆட்டோகிராஃப் காலம் வந்ததும் அவளுக்கு மவுசு கூடிவிட்டது. மற்றவர்கள் ரோஜாப்பூ வரைந்து, மறக்காதே மறக்காதே என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் ஒவ்வொருத்தி நோட்டிலும் அந்தப் பெண் வருங்காலத்தில் என்ன ஆவாளோ, அதற்கேற்ற கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். நர்ஸ் ஆகப்போகிற கமலாவுக்கு நின்றுகொண்டே போடுகிற குட்டிக் கையெழுத்து. டாக்டர் ஆகியே தீருவேன் என்றவளுக்கு அவளாலேயே படிக்க முடியாத ஒரு கிறுக்கல். "நான் படிக்கவெல்லாம் போறதில்லப்பா, ஸ்கூட்டர் வெச்சிருக்கற மாப்பிள்ளை போதும்" என்றவளுக்கு, புருஷன் பெயரின் முதல் எழுத்துக்கு இடம் விட்டு ஒரு கையெழுத்து. விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு எங்கிருந்தோ பச்சை மை வாங்கிவந்து போட்டாள். "நீ ஆபீசர். பத்து பேரை மெரட்டுவே" என்றாள். எங்கள் வீட்டில் அதுவரை ஆபீஸ் வாசலை மிதித்த பெண் கிடையாது. நான் அந்தப் பச்சைக் கையெழுத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அரிசி டின்மேல் வைத்து, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

"உன்னோடது எங்கடி?" என்று கேட்டேன்.

தன் முழுப் பெயரையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வட்ட வட்டமாக எழுதினாள். "எனக்கு எதுக்கு? நான் எங்கே கையெழுத்துப் போடப்போறேன்?"

அவள் வீட்டில் அம்மா கிடையாது. அப்பா, இரண்டு தம்பிகள், இவள். விடிகாலையில் எழுந்து சமைத்து, நாலு பேருக்கும் கட்டி வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவாள். அப்பா பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். இரைந்து பேசி யாரும் கேட்டதில்லை. "வேண்டாம்" என்பார், முடிந்தது. என் அப்பா மாதிரி கத்துகிறவர்களிடம் கெஞ்சலாம், மூக்கைச் சிந்தலாம், ரெண்டு நாள் கழித்து மனசு மாறும். அவரிடம் எதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது?

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பூகோள டீச்சர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஃபாரங்களை வாங்கிவந்து நன்றாகப் படிக்கிற நாலு பேருக்குக் கொடுத்தார். அடையாறு பக்கம், இரண்டு வருஷம், ஹாஸ்டலில் தங்க வேண்டும். அவள்தான் வகுப்பிலேயே முதல். அன்றைக்குத்தான் அவள் தானாகப் பேசிப் பார்த்தேன். "ஜன்னல் பக்கத்துல கட்டில் குடுப்பாளாடி? சின்ன க்ளாஸுக்குக் கையெழுத்து நோட்டு நான்தான் திருத்துவேன்" என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாள் ஃபாரம் அப்படியே திரும்பி வந்தது. எல்லாம் நிரப்பியிருந்தாள். பெற்றோர் சம்மதம் என்கிற இடம் மட்டும் காலி.

"அப்பா வேண்டாம்னுட்டார். ஆத்தை யார் பார்த்துப்பாங்கறார்."

"நீ போட்டுக்கோயேண்டி! ஊர்ல இருக்கற அப்பனுக்கெல்லாம் போடறே!"

"அவாள்ளாம் போடுவா. இவர் போடலை." ஃபாரத்தை டெஸ்க்குக்குள் வைத்து மூடினாள். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு ஆத்திரம் என்றால் ஆத்திரம். அவள் அப்பாமேல் வந்ததைவிட அவள்மேல்தான் வந்தது. கையில் சாவியை வைத்துக்கொண்டு கதவைத் திறக்க மாட்டேன் என்கிறவளை என்ன செய்வது?

நான் செய்தேன். சாயங்காலம் எல்லோரும் போனபிறகு ஃபாரத்தை எடுத்தேன். அவளுடைய ரேங்க் கார்டில் அவர் கையெழுத்து இருந்தது. சாய்ந்த ஆங்கில எழுத்து, அடியில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு. ரஃப் நோட்டில் முப்பது நாற்பது தடவை போட்டுப் பழகினேன். சும்மா சொல்லக்கூடாது, சுமாராக வந்தது. சாமியை வேண்டிக்கொண்டு, ஃபாரத்தில் போட்டு ஆபீஸ் ரூமில் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன்.

இரண்டு நாள் கழித்து எங்கள் பள்ளிக்கூட கிளார்க், மாம்பலம் ஸ்டேஷன் ப்ளாட்பாரத்தில் அவள் அப்பாவைப் பார்த்திருக்கிறார். நல்ல மனிதர், உதவி செய்கிற எண்ணம்தான். "சார், சம்மதத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க, தேதி போட மறந்துட்டீங்க" என்று ஃபாரத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நோட்டு வாங்குகிற சாக்கில் நான் அவள் வீட்டு வாசலில் நின்றேன். நாலு குடித்தன வீட்டில் பின்கட்டு ஒற்றை அறை. அவர் ஆபீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபாரம். அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"யார் போட்டது?"

"நான்தான்ப்பா."

"சரி." ஃபாரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் மேல் ஓரத்தைத் தொட்டார். "இது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். தாளின் உச்சியில், சின்னதாக, அழகாக, பிள்ளையார் சுழி. எப்போது போட்டேன் என்றே எனக்குத் தெரியவில்லை. என் கை அதுபாட்டுக்குப் போட்டிருக்கிறது.

"நம்மாத்துல யார் இது போடறது?"

"நான்தான்ப்பா போட்டேன்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் நெற்றியில் விபூதி. அவருக்குத் தெரிந்துவிட்டது, சத்தியமாகத் தெரிந்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான்தான் மாமா போட்டேன்" என்று மூன்று வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் ஃபாரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "காபி கொண்டா" என்றார். அவள் உள்ளே போனாள். நான் நோட்டை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன்பிறகு பரீட்சைக்கு மட்டும்தான் வந்தாள். அவர் லீவு போட்டுக் கூடவே வந்து வாசலில் நிற்பார். கடைசிப் பரீட்சை முடிந்து படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்து, "நீ நல்லதுக்குத்தான் பண்ணினே. ஆனா அது பொய்டி" என்றாள். அவ்வளவுதான். நான் ரயில் பாலத்தைத் தாண்டித் தியாகராய நகர்ப் பக்கம் போய்ப் படித்தேன், டைப்ரைட்டிங் கற்றேன், பரீட்சை எழுதி அரசாங்க ஆபீஸில் சேர்ந்தேன். என் அப்பா ஒவ்வொரு ஃபாரத்துக்கும் திட்டினார், திட்டிவிட்டுப் போட்டார். அவள் தெரு வழியாகப் போகாமல் ஏழெட்டு வருஷம் சுற்றுவழியில் நடந்தேன்.

பிறகு எனக்குக் கல்யாணம். ஆபீஸில் கூட வேலை பார்த்தவர், வேறு ஜாதி. அப்பா இந்தத் தடவை திட்டவுமில்லை, போடவுமில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் பண்ணிக்கொள்வதாக முடிவு. சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றதும் எனக்கு அவளைத் தவிர வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. துணிச்சலை வரவழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அதே பின்கட்டு, அதே நாற்காலி. அவள் அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. கை மடியில் கிடந்தது. பேச்சு குழறல், அவளுக்கு மட்டும்தான் புரியும். தம்பிகள் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டார்கள். அவளுக்கு இருபத்தைந்துக்குள் முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "வாடி ஆபீசர்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தபால்காரர் ரிஜிஸ்தர் தபால் கொண்டுவந்தார், அவள் அப்பா பெயருக்கு. அவள் பேனாவை எடுத்தாள். ஒரே இழுப்பு. சாய்ந்த எழுத்து, அடியில் தண்டவாளம். தபால்காரர் பழகினவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"கைநாட்டு வெக்க மாட்டேங்கறார். தலை போனாலும் மாட்டாராம். நீயே போட்டுடுன்னுட்டார்" என்றாள். "பென்ஷன் பேப்பர், ரேஷன், எல்லாத்துக்கும் நான்தான். அவர் சொல்லித்தான் போடறேன், பொய் இல்லை."

நாற்காலிப் பக்கம் திரும்பி, "மாமா, அன்னைக்கு அந்த ஃபாரத்துல போட்டது நான்" என்று சொன்னேன். எட்டு வருஷம் கழித்து! அவர் ஏதோ குழறினார்.

"தெரியும்ங்கறார்" என்றாள் அவள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஒரு மணி நேரம் போதும், ஆட்டோவில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுகிறேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். சரி என்று சொல்லிவிட்டார்! நான் துள்ளிவிட்டேன். அவள் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம்.

"எனக்குக் கையெழுத்தே கெடையாதேடி. ஏதாவது போட்டாத்தானே?"

"இப்போ போட்டுப் பாரு." என் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள், பழைய வழக்கம்போல. பேனாவை வைத்தாள். தன் பெயரைத்தான் ஆரம்பித்தாள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது எழுத்திலேயே பேனா சாய்ந்தது. முடிக்கும்போது கை அதுபாட்டுக்குக் கீழே இறங்கி இரண்டு கோடு இழுத்தது.

அவர் இடது கையை நீட்டித் தாளை அவள் பக்கம் தள்ளினார். குழறினார்.

"இன்னொரு தரம் போடச் சொல்றார்."

போட்டாள். அதேதான் வந்தது. அவர் மறுபடி தள்ளினார். மறுபடி போட்டாள். அவர் மறுபடியும் தள்ளினார், அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தோடு இறங்கியது. அவள் அந்தத் தாள் முழுக்க, நுனி வரைக்கும், அப்பாவின் கையெழுத்தாகவே போட்டு நிரப்பினாள்.

"வரலைடி" என்று பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள். "நீ வேற யாரையாவது பார்த்துக்கோ."

வெள்ளிக்கிழமை கமலா வந்தாள், நர்ஸ் உடுப்போடு, டியூட்டியிலிருந்து நேராக. நின்றுகொண்டே சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அது அவளுக்கு ஆட்டோகிராஃப் நோட்டில் கிடைத்த அதே கையெழுத்து. அப்புறம் என்னிடம் பேனாவைக் கொடுத்தார்கள், நான் அழுத்திப் போட்டேன்.